குளத்துக்கு ஒரு வேலி

மாதா கெபிக்கு முன்னுள்ள அல்லிக் குளத்தின் கரையில் ஒற்றைக் காலணி ஒன்று கிடந்தது. எல்.கே.ஜி. குழந்தையுடையது. குழந்தை வகுப்பில் பத்திரமாக இருந்தாள். ஆயினும் எங்கள் நெஞ்சின் படபடப்பு அடங்க நெடுநேரமாயிற்று. வேலி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தோட்டக் குழுவினரான எங்களிடமே சிஸ்டர் ஒப்படைத்தார்கள்.

முள்கம்பிதான் மலிவு என்றார் தோட்டக்காரத் தாத்தா. அமெரிக்காவில் 1874-இல் ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற கம்பி அது. மாடுகளை மறிக்க வந்ததை மூன்றரை வயதுப் பிள்ளைகளுக்கா கட்டுவது? திருகுகள்ளியின் பால் கண்ணைக் கெடுக்கும். அரளியோ இலை முதல் வேர் வரை நஞ்சு. (பூவின் அழகுக்காக நாங்கள் முதலில் கேட்டது அதைத்தான்!)

முடிவில் இரும்புக் கம்பி வேலி என்றாயிற்று. குறுக்குக் கம்பிகள் இருந்தால் அவையே ஏணியாகிவிடும் என்பதை எங்களுக்குக் கற்பித்தவள் ஒரு யு.கே.ஜி. வாண்டு. மாதிரிக்குச் சாய்த்து வைத்திருந்ததில் நொடியில் ஏறி நின்று சிரித்தாள்! ஆகவே நெட்டுக் கம்பிகள். உயரம் 4 அடி. இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள். அகன்றால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். கதவு தானே சாத்திக்கொள்ள ஸ்பிரிங். எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள்.

வேலியோரம் செம்பருத்தி நட ஆசைப்பட்டோம். சிஸ்டர் சம்மதிக்கவில்லை. செடி குளத்தை மறைத்தால், அங்கு போகும் பிள்ளையையும் அல்லவா மறைக்கும்?

காலணிக்குரியவள் இப்போது கம்பிகளுக்கிடையே கைநீட்டி மீன்களுக்குப் பொரி போடுகிறாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். தாழ்ப்பாளை இன்னும் சற்று உயர்த்த வேண்டும்.