கூடத்தில் ஓடிய பள்ளிக்கூடம்

2006-ல் விஜய் டிவியில் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்' தொடரைப் பற்றி, இன்று முப்பதைத் தாண்டியவர்கள் பேசும்போது, அது தங்கள் பள்ளி நாட்களை அப்படியே காட்டியது என்பார்கள். திருத்தணி வட்டாரத்துத் திருவாலங்காட்டில் நின்று பார்த்தால் இந்தப் பேச்சு பொருந்தாது. தொடரில் வந்தது நகரத்துப் பள்ளி. பையன்களும் பெண்களும் கேலியும் கிண்டலுமாகக் கலந்து பழகிய வகுப்பு. இந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நோட்டுக் கடன் கேட்டால்கூட வாத்தியார் காதுக்குப் போய்விடும். அப்படியிருந்தும் இங்குள்ள பிள்ளைகளுக்கு அது பிடித்துப் போனதற்கு, அந்தத் தொடர் யார் முன்னால் ஓடியது என்பதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதே 2006 செப்டம்பரில்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. பதினான்கு அங்குலப் பெட்டி, வீட்டுக்கு ஒன்று, அதற்கு ஒரே ரிமோட். பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருக்கும், அம்மா கீரை ஆயும் அதே கூடத்தில்தான் பதினாறு வயதுப் பிள்ளையும் தொடர் பார்த்தாக வேண்டும். அதுவரை நம் திரையில் அந்த வயது என்றால் பெரும்பாலும் காதல்தான்: 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', 2002-ல் 'துள்ளுவதோ இளமை'. மார்க் குறைவது, நண்பன் முகம் திருப்பிக்கொள்வது, வாத்தியாரிடம் மாட்டிக்கொள்வது போன்ற சின்னக் கவலைகளுக்கு நாள்தோறும் நேரம் ஒதுக்கியது இந்தத் தொடர். பிள்ளை தானே வாய் திறந்து சொல்லியிருந்தால், "படிக்கிற வயசுல இதெல்லாம் ஒரு கவலையா?" என்ற ஒரே அதட்டலில் அடங்கிப்போயிருக்கும் சங்கதிகள் இவை. அவை வேறு பிள்ளைகளின் வாய் வழியாகப் பெரியவர்கள் காதில் விழுந்தன.

பெரியவர்கள் எங்கே பார்த்தார்கள், அவர்களுக்குக் 'கோலங்கள்' போன்ற குடும்பத் தொடர் அல்லவா வேண்டியிருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போதாக்குறைக்கு, திருத்தணி வட்டாரம் 1960-ல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த வீடுகளில் தெலுங்குச் சேனலான ஜெமினி டிவியும் போட்டிக்கு நிற்கும். ஆனால் ரிமோட்டை விட்டுக்கொடுத்த பாட்டி எழுந்து போய்விடுவதில்லை. அந்தப் பையன் யார், ஏன் அழுகிறான் என்று கேட்பார். தமிழில் நடக்கும் பள்ளிக் கதையைப் பேரன் தெலுங்கில் விளக்க வேண்டும். அப்படி விளக்கும்போது, தன் வகுப்பில் நடப்பதையும் பாதி சொல்லிவிடுவான். ஒரு வீட்டுக்குள் இந்தப் பேச்சு நடப்பது சாதாரண விஷயமில்லை.

இந்தத் தொடர் பிள்ளைகளைக் கெடுத்தது, காதலைக் கற்றுக்கொடுத்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. காதல் அதில் நிறையவே இருந்தது. சில இடங்களில் இழுவையாகவும் இருந்தது. ஆனால் சினிமாவில் காதலித்தவர்கள் ஊரைவிட்டு ஓடிவிடலாம். தினசரித் தொடரில் அப்படி முடியாது. காதலித்த பிள்ளையும் மறுநாள் காலை அதே வகுப்புக்கு வந்தாக வேண்டும், பரீட்சை எழுதியாக வேண்டும், நண்பர்களின் முகத்தில் விழித்தாக வேண்டும். காதலுக்குப் பிறகும் நாட்கள் இருக்கின்றன என்று காட்டியதை நான் கெடுதல் என்று சொல்லமாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு: அரசுப் பள்ளிப் பிள்ளையின் வாழ்க்கை அதில் இல்லை. பஸ் பாஸ், சத்துணவு, அரசு கொடுத்த சைக்கிள் எதுவும் அங்கே கதையாகவில்லை. இந்தக் குறைக்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

2022-ல் அதே பெயரில் புதிய தொடர் ஹாட்ஸ்டாரில் வந்தது. பிள்ளைகள் அதைக் கைபேசியில், காதில் இயர்போனோடு, தனியே பார்க்கலாம். ரிமோட்டுக்குச் சண்டை போட வேண்டியதில்லை, பாட்டிக்கு விளக்க வேண்டியதில்லை. கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பெரியவர்கள் காதில் அது விழப்போவதில்லை. ஆனால் 2019-ல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இன்னும் கூடத்து டிவியில் வருகிறது. பாடங்களுக்கு நடுவே தினம் அரை மணி நேரம், அரசுப் பள்ளியில் நடக்கும் ஒரு தொடருக்கு அதில் இடம் கொடுக்கலாம். அரக்கோணம் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற, வீட்டில் தெலுங்கும் வகுப்பில் தமிழும் பேசுகிற பிள்ளைகள் அதில் வரட்டும். எழுதவும் நடிக்கவும் இந்தப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.