லாசரேயில் ஒரு காலை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பலகையில் குபேர் அங்காடி என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே குத்துவிளக்கும் கோயில் மணியும் விலை பேசுகிற சில வெளியூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முகம் நம்மூர் முகம். பெயர் ராமசாமி, முத்துசாமி. பேச்சு மட்டும் பிரெஞ்சு. “ரீயூனியன்காரங்க சார், கோயிலுக்கு வாங்குறாங்க” என்பார் கடைக்காரர். இவர்களுடைய பூட்டன்கள் போய் இறங்கிய இடத்தைப் பார்க்கத்தான் மொரீஷியஸ் வழியாகப் பிரான்சின் ரீயூனியன் தீவுக்குப் போனேன்.

தலைநகர் சான் தெனியிலும் ஒரு பெரிய மார்க்கெட் உண்டு. காய்கறி, மீன் கிடையாது, கைவினைப் பொருள்கள்தான். அதே தெருவில் காளிகாம்பாள் கோயில். ஊரைத் தாண்டினால் மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. சாலைக்கு இடமில்லாமல் கடலுக்குள்ளேயே 5 கிலோமீட்டருக்கு மேல் பாலம் கட்டி 2022-இல் திறந்தார்கள். அது கரையேறும் இடம்தான் லா கிராந்த் ஷாலூப். இரு பக்கமும் பாறை, நடுவே ஓர் ஓடை. ஊருக்குள் நோய் நுழையாமல் ஆட்களை அடைத்து வைக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

இங்குள்ள லாசரே, அதாவது கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்திய கொட்டடியும் மருத்துவமனையும், 1860களில் எழுந்தது. 1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்து, சுமார் 62,000 பேர் விடுதலையானார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1859-இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கூலிகளை ஏற்றிவந்த கப்பலோடு காலராவும் வந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தீவின் கண் இந்தியாவின் பக்கம் இன்னும் அழுத்தமாகத் திரும்பியது. ஆனால் புதுச்சேரியும் காரைக்காலும் அத்தனை பேரைத் தரக்கூடிய ஊர்களா என்ன? 1861-இல் பிரான்ஸ் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டிஷ் மாவட்டங்களின் குடியானவர்கள் நம் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அந்த நூற்றாண்டில் ரீயூனியனுக்குப் போன இந்தியர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுவார்கள்.

சுற்றிக் காட்டிய இளம்பெண் அந்தத் தீவுக்காரி. கருங்கல்லில் நீண்ட கொட்டடிகள், தடித்த சுவர்கள். வாரக்கணக்கில் பாய்மரக் கப்பலில் வந்தவர்களை நேரே இங்கேதான் கொண்டுவந்தார்கள். அம்மையோ காலராவோ இருந்த கப்பல் என்றால் தங்கும் நாள் கூடும். பிழைக்காதவர்களுக்கு இடுகாடும் பக்கத்திலேயே. பிழைத்தவர்களுக்கு ஒரு பதிவு எண், அதோடு தோட்டத்துக்கு.

1998-இல் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். முதல் லாசரேயைப் பழுதுபார்த்துக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகச் சுத்தமாகப்பட்டது. ஓடையோரமாக மேலே ஏறினால் இரண்டாம் லாசரே. செடி மண்டிய அதன் இடிபாடுகளுக்கு முன்னால் நின்றபோதுதான் அடைபட்டிருப்பது என்றால் என்ன என்று உறைத்தது. நியூயார்க்கில் எல்லிஸ் தீவின் குடியேறிகள் மருத்துவமனையைப் பழுதுபார்க்காமலே, பார்வையாளர் தலையில் ஹெல்மெட் மாட்டிக் காட்டுகிறார்கள். அந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லிஸ் தீவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களாகப் புறப்பட்டவர்கள். இங்கே வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கைநாட்டு வைத்த தாளில் இருந்தது தெரியும்? கூலிகளை நடத்திய விதம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882-இல் பிரிட்டிஷ் இந்தியா இந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

“அவங்க கிளம்பின இடத்துல என்ன காட்டுறீங்க?” என்று அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டாள்.

பழைய பிரெஞ்சு கவர்னர் துப்ளேயின் சிலை, மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி என்று சொன்னேன். நான் கூடப்போன ஹெரிடேஜ் வாக் எதிலும் கூலிகள் காத்திருந்த டிப்போ பற்றிப் பேச்சு வந்ததில்லை. பெரிய மார்க்கெட்டிலிருந்து நேரு வீதி வழியாகக் கடற்கரைக்குக் கால் மணி நேர நடைதான். கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாத கடல் அது. சலங்குப் படகில் ஏற்றி அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அதை அங்கேயே நின்று சொல்லலாம். ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. காலனி ஆவணங்கள் பிரான்சில் ஏக்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. நகல் கேட்டு எழுத வேண்டியதுதான்.