நாற்பது ரியால் டிக்கெட்

தோஹா கடற்கரைச் சாலையில் அர்ஜென்டினா ஜெர்சியோடு நின்றவரிடம் ஒரு வெளிநாட்டு நிருபர் மைக்கை நீட்டினார். "நீங்க இந்தியர்தானே? இந்தச் சட்டையைப் போட எவ்வளவு கொடுத்தாங்க?"

2022 நவம்பர். கத்தார் உலகக் கோப்பை தொடங்க இன்னும் ஓரிரு நாள்தான். கொடி பிடித்து ஊர்வலம் போன இந்தியர்களைப் பார்த்து, 'இவர்கள் கூலிக்கு வந்த ரசிகர்கள்' என்று சில ஐரோப்பிய ஊடகங்கள் சந்தேகம் கிளப்பியிருந்த நேரம். போட்டி அமைப்பாளர்கள் அதை மறுத்தார்கள். ஆனால், மைக் முன்னால் நின்ற அந்த ஏ.சி மெக்கானிக்குக்கு எந்தப் பதிலும் வரவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக ரூமுக்கு வந்து தன்னையே திட்டிக்கொண்டார்.

அவருக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம். கடலும் கால்பந்தும்தான் அங்கே எல்லாம். உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு ஃப்ளெக்ஸ். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. அப்பா பிரேசில், மகன் அர்ஜென்டினா. இந்தியா இதுவரை ஓர் உலகக் கோப்பையிலும் ஆடியதில்லையே, பாவம், அவர்களும் யாருக்காகத்தான் கத்துவார்கள்?

கத்தாரில் வசிப்பவர்களுக்கு லீக் போட்டிகளில் மலிவு டிக்கெட் 40 ரியால். நம்மூர்க் கணக்கில் 900 ரூபாய் வரும். குலுக்கலில் அவருக்கு விழுந்தது, நவம்பர் 30 இரவு அர்ஜென்டினா - போலந்து. ஸ்டேடியத்தின் பெயரே '974'. கத்தாரின் தொலைபேசிக் குறியீட்டு எண் அது. கட்டடத்தில் இருந்த கப்பல் கன்டெய்னர்களின் எண்ணிக்கையும் அதுவேதான். ஊருக்குப் பணம் அனுப்பும் நாளில் 40 ரியாலைக் கழித்துக்கொண்டு அனுப்பினார். காரணத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னார்.

சவுதியிடம் முதல் போட்டியில் 2-1 எனத் தோற்றபோது, ரூமில் இருந்த வங்கதேச நண்பர் ராத்திரி சாப்பிடவே இல்லை. மெக்ஸிகோவை ஜெயித்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. போலந்திடம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ராத்திரியில் மெஸ்ஸியின் பெனால்ட்டியை போலந்து கோல் கீப்பர் தடுத்துவிட்டார். கேலரியே உறைந்துபோனது. இடைவேளை முடிந்து வந்ததுமே மெக் அலிஸ்டர் கோல் போட, கை நடுங்க அப்பாவுக்கு போன் அடித்தார்.

"கோல்ப்பா!"

"லேய், சொல்லாத! இங்க டிவியில இப்பத்தான் பந்து நடுவுல நிக்கு!"

சில நொடி கழித்து, போனுக்குள் ஊரே கத்தியது. அங்கே மணி ஒன்றரை. விடிவதற்குள் கடலுக்குப் போக வேண்டிய மனுஷன், தன் டீமும் இல்லாத போட்டிக்கு ஏன் முழித்திருக்கிறார் என்று கேட்டார் மகன்.

"கேமரா ஆளுவளக் காட்டும்போதெல்லாம் ஒன்னத் தேடிட்டு இருக்கேன் மக்களே. எல்லாவனும் ஒரே சட்டையப் போட்டிருந்தா எப்பிடிக் கண்டுபிடிக்க?"

ஜூலியன் அல்வாரெஸ் இரண்டாவது கோலைப் போட்டபோது அவர் போன் அடிக்கவில்லை. டிவியில் தெரிகிற மாதிரி சீட் மேல் ஏறி நின்று கையை ஆட்டினார். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

டிசம்பர் 9-ம் தேதி, குரோஷியாவிடம் பெனால்ட்டியில் தோற்று பிரேசில் வெளியேறியது. அதே ராத்திரி நெதர்லாந்தை பெனால்ட்டியில் வென்றது அர்ஜென்டினா. அப்பா போனை எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. 'கடல்ல நிக்காரு' என்று அம்மாதான் சமாளித்தார்.

ஃபைனலுக்கு டிக்கெட் வாங்க அவருக்கு வசதி இல்லை. லுசைல் ஸ்டேடியம் இருப்பதும் தோஹாவுக்குப் பக்கத்தில்தான், ஆனாலும் அவர் பார்த்தது ஏஷியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் தொழிலாளர்களுக்காக வைத்திருந்த பெரிய திரையில். நேபாளி, மலையாளி, வங்காளி என்று அத்தனை பேரும் புல் தரையில். 2-0 என்றிருந்தது, எம்பாப்பே அடித்த இரண்டு கோலில் 2-2 ஆனது. பிறகு 3-3. கடைசி நிமிடத்தில் மார்ட்டினெஸ் காலை நீட்டித் தடுத்தபோது, பக்கத்தில் இருந்த முகம் தெரியாத ஆளின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். மோன்டியல் கடைசி பெனால்ட்டியை அடித்ததும் போன் அதிர்ந்தது. அப்பா.

"ஜெயிச்சிட்டியளாடே?"

"பாக்கலியாப்பா?"

"பாத்தேன், பாத்தேன். இன்னிக்கும் ஒன்னத் தேடுனேன்."

"நான் உள்ள போகலப்பா. வெளியதான்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் வெடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"காலைல எத்தன மணிக்கு டூட்டி?"

"அஞ்சுக்கு."

"அப்ப போய்ப் படு மக்களே."