முக்காடு போட்ட ராணி

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பள்ளத்தூர். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். 'கொண்டு விற்க' பர்மா, மலாயா, இலங்கை என்று கப்பலேறியவர்கள் கட்டியவை. முருகப்பா குழுமத்துக்கு வேர் இந்த ஊர்தான். தொழில் தொடங்கியது 1900-ல், பர்மாவின் மௌல்மீனில்.

தேக்கு கப்பலில் வந்தது, சரி. தங்கம்? நாம் 'சவரன்' என்பதே 'சாவரின்' என்ற இங்கிலாந்துக் காசின் பெயர்தான். 'பவுன்' என்பது 'பவுண்ட்'. சீமைக் காசை அளவாக்கி, பேரையும் தமிழாக்கிக்கொண்டோம்!

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு வீட்டு வளவில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பழங்காசுப் பைத்தியம். ஆச்சிக்கோ வேறு கவலை. பேத்தி கல்யாணத்துக்குக் காசுமாலையை அழித்து நெக்லஸ் செய்யலாமா என்று யோசனை.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். விக்டோரியா ராணி மூன்று வயதில் இருந்தார்! கொண்டை போட்ட இளம்பெண், 1887-லிருந்து குட்டிக் கிரீடம், 1893-லிருந்து முக்காடு. சில காசுகளில் குதிரைக் காலடியில் பொடி எழுத்து. 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' என்றால் மெல்போர்ன். ராணி காலத்துக்குப் பிறகு 1918-ல் பம்பாயில்கூட அடித்தார்கள், அதற்கு 'ஐ'.

"விலை என்ன பெறும் தம்பி?"

"எடை 7.98 கிராம், 22 காரட் ஆச்சி. சுத்தத் தங்கம் 7.32. தேய்மானம் போக ஆசாரி சொல்றது தங்கத்தோட விலை. சேகரிக்கிறவங்க வருஷம், எழுத்து, தேய்மானம் எல்லாம் பார்ப்பாங்க. 1841 கிடைச்சா விடமாட்டாங்க."

அமெரிக்கக் கதையும் சொன்னேன். அங்கே 20 டாலர் தங்கக் காசுக்கு 'இரட்டைக் கழுகு' என்று பெயர்; 33 கிராமுக்கு மேல். 1933-ல் ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்த தங்கக் காசுகளை ஒப்படைக்கச் சொல்ல, ஏராளமானவை உருகிப் போயின. அபூர்வக் காசுகளுக்கு மட்டும் விலக்கு. கழுகுக்குக் கீழே கார்சன் சிட்டி சாலையின் 'சிசி' முத்திரையோடு 1870-ம் வருஷக் காசு இருந்தால், தங்க விலையைப் போலப் பல மடங்கு!

"அப்ப இதுக்கும் உண்டா?"

"வளையம் பத்த வச்சிருக்கே ஆச்சி. சேகரிக்கிறவங்க குறைச்சுத்தான் கேப்பாங்க."

ஆச்சி நிமிர்ந்தார். "வளையம் வச்சது எங்க அப்பத்தா. அவுகளுக்கு விவரம் பத்தாதுங்கிறீகளா?"

"அவங்க விக்கிறதுக்கு வாங்கலையே ஆச்சி!"

அதில் ஆச்சிக்குத் திருப்தி. மாலையைத் துணியில் சுற்றினார். "ஆசாரி வெள்ளிக்கிழமை வாரேன்னான். வர வேணாம்னு சொல்லிப்புடுறேன். அவ கழுத்துல போட்டுப் பார்த்துட்டு, வேணாம்னு அவளே சொல்லட்டும்."

உங்கள் வீட்டிலும் இருந்தால், உருக்குவதற்கு முன் ஒரு தடவை வருஷத்தைப் படியுங்கள். பாலிஷ் போடாதீர்கள், பழங்காசுக்கு அது விலையைக் குறைக்கும். நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அமெரிக்க மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்தனுப்பி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள்!