அம்மாவின் பாஸ்போர்ட் நம்பர்

கீழ்வேளூரில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க வரும் பெண்கள், படிப்பு என்ற கட்டம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "எட்டாவதுதான் பாப்பா, போட்டுக்க" என்பார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குவைத், சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் வயது முப்பதாவது நிறைந்திருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன்: "பாஸ்போர்ட் வந்ததும் அந்த நம்பரை ஊரில் யாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவீங்க?"

பல பேர் சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடியாது.

2013-இல் என் அம்மா குவைத்துக்குப் போனார். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. முந்தைய ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தது. கடைமடையில் இருக்கும் எங்களுக்குக் குறுவை என்பதே இல்லாமல் போனது. எங்களுக்கு மூன்று மா நிலம் உண்டு. அது அப்பாயி பெயரில் இருக்கிறது. பக்கத்து வெண்மணியில் 1968-இல் 44 பேரை எரித்துக் கொன்ற பிறகு, இந்தப் பகுதியில் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க வந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். அவரும் அவர் கணவரும் 1981-இல் தொடங்கிய லாப்டி அமைப்பு, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று வாங்கி, அதைப் பெண்ணின் பெயரில் பதிந்தது. அப்பாயி அந்தப் பத்திரத்தைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். நிலம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. தண்ணீர் வந்த வருஷங்களிலும் நேரடி விதைப்பும் அறுவடை எந்திரமும் வந்து நாற்றுப் பறிப்பு, நடவு, அறுப்பு என்று அம்மாவுக்குக் கிடைத்த வேலை நாட்களைக் குறைத்துவிட்டன.

ஏஜென்ட் எங்களுக்குத் தெரிந்தவர்தான். "கத்தாமா வேலை. சமைக்கணும், புள்ளைய பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்றார். அம்மா வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார். பாஸ்போர்ட், விசா எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் அவர் கையிலேயே போனது. ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஏழு மாதம் போன் வந்தது. வீட்டுக்காரியை "மாமா" என்று கூப்பிட வேண்டுமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு போன் நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். ஏஜென்ட் நம்பரை மாற்றிவிட்டார். அப்பாவும் நானும் ஓர் அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "பாஸ்போர்ட் நம்பர் என்னம்மா? வேலை பார்க்கிற வீட்டுக்காரர் பேர் என்ன? எந்த ஏரியா?" எங்களிடம் அம்மாவின் ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான் இருந்தது. பதினாறு வருஷம் என்னை வளர்த்தவரைப் பற்றி, அவரைத் தேடித் தரச் சொல்வதற்கு வேண்டிய ஒரு விவரம்கூட எனக்குத் தெரியாது.

நான்காவது மாதம் ஒரு தெலுங்குக்காரப் பெண் போன் செய்தார். பக்கத்து வீட்டில் வேலை பார்ப்பவர். குப்பை கொட்ட வெளியே வரும் ஐந்து நிமிடத்தில் அம்மாவிடம் நம்பர் வாங்கி, தன் காசில் பேசினார். அம்மாவின் போனை வீட்டுக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள், சம்பளம் தரவில்லை என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அவர் பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில் எங்களுக்கு உதவிய ஒரே அமைப்பு அவர்தான்.

2015 கடைசியில் அம்மா திரும்பி வந்தார். ஏழு மாதச் சம்பளம் வரவே இல்லை. அந்த ஆண்டுதான் குவைத் வீட்டுப் பணியாளர்களுக்கென்று சட்டம் போட்டு, வாரம் ஒரு நாள் ஓய்வு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சொன்னது. அம்மாவுக்கு அது பயன்படவில்லை. ஊரில் அவரிடம் யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அங்க ஒண்ணும் தப்பா நடக்கலையே?" என்றுதான் கேட்டார்கள். அவர் அனுப்பிய பணம் அப்பாவின் கணக்கில் வந்தது. ஓட்டு வீடு தளமானது, வண்டி ஒன்று வந்தது. அப்பா கெட்டவரில்லை. ஆனால் அவர் கணக்குக்கு வந்த பணம் அவர் பணமாகிவிட்டது. அம்மா பெயரில் ஒன்றும் இல்லை. அப்பாயிதான் ஒருநாள் சொன்னார்: "எனக்காவது ஒரு பத்திரம் இருக்கு. ஒனக்கு என்னாடி இருக்கு?"

அந்த வார்த்தை அம்மாவைச் சுட்டது. அடுத்த வாரம் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு நீள நோட்டு வாங்கிப் போனார். எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அதில் ஒரு பக்கம். பாஸ்போர்ட், விசா ஜெராக்ஸ். ஏஜென்ட் பெயர், அவருக்குக் கொடுத்த தொகை. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர் பெயர், ஏரியா. அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு. வெள்ளிக்கிழமை போன் வர வேண்டும். இரண்டு வெள்ளி வராவிட்டால் குழு உட்காரும்.

2019-இல் அப்படி உட்கார்ந்தோம். வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் நான்தான் புகாரைப் பதிந்தேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முடிந்தது. மூன்று வாரத்தில் அந்த அக்காவே பேசினார். "எப்ப வர்றீங்க?" என்று கேட்டேன். "நான் ஏன் வரணும்? சம்பளமும் போனும் வேணும், அவ்வளவுதான்" என்றார். காப்பாற்றுவது என்றால் கூட்டிக்கொண்டு வருவது என்றே நினைத்திருந்தேன். அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது.

சென்ற மாதம் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வயது போதாததால் ஏஜென்ட் விசிட் விசாவில் அனுப்புகிறாராம். பெண்ணைக் காப்பாற்ற வைத்த விதி, அவளை எந்தப் பதிவிலும் இல்லாமல் அனுப்பிவைக்கிறது. முறையாக அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்குப் பத்து லட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. அதுவும் இவளுக்குக் கிடையாது. அதையெல்லாம் சொன்னேன். போகாதே என்று மட்டும் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேலை இல்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா மடியில் நீள நோட்டு. போவதா, வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. அம்மா புதுப் பக்கத்தைப் பிரித்து, அவளிடம் முதல் கேள்வியைக் கேட்டார்:

"ஒன் பேருல பேங்க் புக்கு இருக்கா?"