சுண்ணாம்பின் பூர்வீகம்

கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கால்ஸியம், கரி, பிராணவாயு என்ற மூன்று மூலகங்களால் ஆனவை என்பதை இன்று உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறான். ஆனால், அந்த வெள்ளை வஸ்துவுக்குள் கறுத்த கரியும், கண்ணுக்குப் புலப்படாத வாயுவும், பளபளக்கும் ஓர் உலோகமும் குடியிருக்கின்றன என்பதை யார், எந்தச் சாமர்த்தியத்தால் கண்டறிந்தார்கள் என்னும் கேள்வி என் மனத்தில் நெடுநாளாக உண்டு. அதற்கு விடை தேடப் புறப்பட்ட நான் முதலில் ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனேன்.

அங்கே கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றிப் பரப்பித் தீமூட்டுகிறார்கள். வெந்து ஆறிய கிளிஞ்சலில் உருவமும் வரிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. கையில் ஏந்தினால் கனம் மட்டும் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிகிறது. தண்ணீர் தெளித்தவுடன் அது சீறி, ஆவி கக்கி, வெடித்து, மாவாக உதிர்ந்துவிடுகிறது. அடியில் நெருப்பின்றியே கொதிக்கும் இந்த விந்தையைக் கண்ட பழைய ரசாயன பண்டிதர்கள், காளவாயின் அக்கினியே சுண்ணாம்புக்குள் புகுந்து அதற்குக் காரத்தை அளிக்கிறது என்று நம்பியிருந்ததைப் பின்னர் நூல்களைப் புரட்டியபோது அறிந்தேன்.

அக்கினி உள்ளே புகுந்ததென்றால் கனம் ஏன் குறைய வேண்டும்? இந்தச் சந்தேகத்தைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர், எடின்பரோவில் வைத்தியம் பயின்ற ஜோசப் பிளாக். மூத்திரக் கல்லைக் கரைக்கும் மருந்தைத் தேடத் தொடங்கிய அவருடைய ஆராய்ச்சி, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதிலிருந்து ஒரு வாயு வெளியேறுகிறது என்றும், அந்த வாயுவைத் திரும்ப ஊட்டினால் சுண்ணாம்பு பூர்வ நிலையை அடைகிறது என்றும் நிரூபித்து, 1756-இல் அச்சேறியது. நாம் விடும் மூச்சிலும் அந்த வாயு உண்டு என்று அவர் காட்டிய பரிசோதனையை நானும் செய்து பார்த்தேன்: தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியே ஊத ஊத, நீர் பாலாக வெளுத்தது. பூசிய சுவர் காற்றுப்பட்டு நாளடைவில் இறுகுவதும் இந்தக் கரியமில வாயுவை அது மீண்டும் கிரகித்துக்கொள்வதால்தான்.

அவ்வாயு கரியும் பிராணவாயுவும் சேர்ந்தது என்று பிரான்ஸ் தேசத்து லவாய்ஸியர் நிர்ணயித்தார். எஞ்சி நின்ற சுட்ட சுண்ணாம்பை மட்டும் பகுக்க வழியறியாமல், 1789-இல் வெளியிட்ட நூலில் அதையும் மூலகங்களின் வரிசையிலேயே வைத்தார். எனினும், இது ஏதோ ஓர் உலோகம் பிராணவாயுவுடன் கூடியதாக இருக்கலாம் என்ற ஊகத்தையும் அந்நூலிலேயே எழுதிவைத்தார். 1794-இல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வாங்கிவிட்டபடியால், அந்த ஊகம் மெய்யானதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

லண்டனில் ஹம்ப்ரி டேவி 1808-இல் அதை மெய்ப்பித்தார். பாதரசத்தைத் துணைகொண்டால் காரியம் கைகூடும் என்று ஸ்வீடனிலிருந்து பெர்ஸீலியஸ் எழுதிய செய்தியைப் பற்றிக்கொண்டு, ஈரமான சுண்ணாம்பைப் பாதரசச் சேர்மத்துடன் கலந்து, அதில் ஒரு துளிப் பாதரசத்தை இட்டு, வலிய மின்கல அடுக்கின் சக்தியைச் செலுத்தினார். பாதரசத்தில் கலந்து வந்த உலோகத்தைக் காய்ச்சிப் பிரித்தபோது கால்ஸியம் சிறிதளவு கிடைத்தது.

ஆக, 100 பங்கு சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் கால்ஸியம் 40, கரி 12, பிராணவாயு 48 பங்கு. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிளிஞ்சலை வேகவைக்கும் முன்னரும், அதையே காளவாயில் வேகவைத்த பின்னரும், மாணவர் கையாலேயே நிறுக்கச் செய்யுங்கள். 100-க்கு ஏறக்குறைய 44 பங்கு காணாமற்போவதைத் தராசில் கண்ட மாணவனுக்குச் சூத்திரத்தைத் தனியே உருப்போட வேண்டியிராது.