எடுக்காமல் விட்ட ஒன்று

"காயடிச்சதுதானுங்க டாக்டர். ஆனா ஆள அண்ட விடமாட்டேங்குது."

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், இரண்டு கயிறு போட்டுக் கட்டியிருந்த செவலைக் குதிரையைக் காட்டிப் பெரியவர் சொன்னார். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. ஆறு வயது. பேரப்பிள்ளைகள் ஏறிப் பழகச் சாதுவான குதிரை தேடியவர், காயடித்தது என்ற ஒரு சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதத்துக்குள் செவலை இரண்டு முறை வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துப் பெட்டைக்குதிரையிடம் போயிருந்தது. குதிரை பார்க்கும் பையனின் தோளில் பல் பதிந்த காயம். சுழி சரியில்லை என்றார் வீட்டில் ஒருவர். அடி போதவில்லை என்றார் இன்னொருவர். அடித்தும் இருந்தார்கள், பின்தொடையில் கோடு கோடாகத் தெரிந்தது.

நான் முதலில் போய்ப் பார்த்தது லத்தியைத்தான். ஒரே இடத்தில் போட்டு, மோந்து பார்த்து, திரும்பி நின்று அதன் மேலேயே மறுபடி போடுவது ஆண்குதிரையின் வழக்கம். தோப்பு மூலையில் அப்படி ஒரு குவியல் இருந்தது. கழுத்தின் மேல்விளிம்பும் தடித்திருந்தது. சந்தேகப்பட இது போதும், முடிவுக்கு வரப் போதாது. ஒழுங்காகக் காயடித்த குதிரைகளிலேயே நாலைந்தில் ஒன்று பெட்டையைக் கண்டால் கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும்.

அமைதிப்படுத்தும் ஊசி போட்டு, அது தலையைத் தொங்கப்போட்ட பிறகு தொடையிடுக்கில் விரல் வைத்தேன். வலப்பக்கம் பழைய தழும்பு தட்டுப்பட்டது. இடப்பக்கம் தோல் வழவழவென்று கத்தி படாமல் இருந்தது.

குட்டி கருவில் இருக்கும்போது விதைகள் சிறுநீரகத்தை ஒட்டி உருவாகின்றன. பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பு தொடங்கி, பிறந்த பத்து நாளுக்குள் அவை பைக்கு இறங்கிவிட வேண்டும். சில குட்டிகளுக்கு ஒன்று முழுக்க இறங்காமல், தொடையிடுக்கில் அது வரும் கால்வாயிலேயே நின்றுவிடும்; அல்லது வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். வயிற்றில் தங்குவது பெரும்பாலும் இடது விதை. உடம்புச் சூட்டில் அதில் விந்தணு விளையாது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதை அது நிறுத்துவதில்லை. வெளியே தெரிந்த விதையை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொலிக்கு உதவாத, பொலிக்குதிரையின் தவிப்பு மட்டும் குறையாத ஒரு பிராணி. பார்ப்பவர்களுக்கு அது காயடித்த குதிரை. நம்பி அருகில் போவார்கள்.

இதனால்தான் இந்த வேலையில் நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு. இரண்டும் கைக்கு அகப்படாவிட்டால் ஒன்றையும் எடுக்காதே. இறங்காததைத் தேடி எடுக்கத் தயாராக இருந்தால் கத்தியைத் தொடு. எடுத்ததைத் தட்டில் வைத்துப் பிளந்து பார். விதை வயிற்றிலேயே இருக்க, அதன் மேற்குழலின் வால் மட்டும் கால்வாய்க்குள் இறங்கி வந்திருக்கும் குதிரைகள் உண்டு. அந்தத் துண்டைச் சிறுத்துப்போன விதை என்று நினைத்து வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோம். வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் நானே அப்படி எழுந்திருக்கிறேன். அந்த மட்டக்குதிரை எந்த ஊருக்கு விற்கப்பட்டுப் போனது என்று பிறகு விசாரித்தும் தெரியவில்லை. இன்றும் ஒவ்வொரு முறையும் பிளந்து பார்க்கிறேன்.

குழலில் கொஞ்சம் மிச்சம் விட்டால் குதிரைக்கு வெறி போகாது என்று குதிரைக்காரர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. குழல் ஹார்மோன் சுரப்பதில்லை. வெறி ஹார்மோனால் வருகிறது என்றால் விதை எங்கோ இருக்கிறது. இல்லையென்றால் அது பழகிப்போன குணம். எது என்று ரத்தம் சொல்லும். ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, விதையைத் தூண்டிப் பார்க்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசியை நரம்பில் போட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன். விதையே இல்லாத குதிரைக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு அசையாது. செவலைக்கு இரண்டாவது குப்பியில் அளவு பல மடங்கு ஏறியிருந்தது.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வர்ற ஆடிக்குச் சந்தையிலயே வித்துப்போடறனுங்க" என்றார்.

"என்னன்னு சொல்லி விப்பீங்க?"

"உள்ளதச் சொன்னா யாருங்க வாங்குவாங்க?"

சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார். போன ஆடியில் வாங்கியவர் அவர்தானே.

அப்படியே வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான், அதை நான் மறைக்கவில்லை. ஆண்குதிரைக்குரிய உயரமான வேலி, தினமும் உடம்பு வேர்க்கிற வேலை, அதைப் பழக்கத் தெரிந்த கை எல்லாம் இருந்தால் இப்படிப்பட்ட குதிரை நல்லபடியாகவே வாழும். இங்கே இருந்தது பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடம் விட்டால் தோப்பில் ஓடித் திரியும் மூன்று பிள்ளைகள். அறுவை சிகிச்சைதான் என்றேன். முழு மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். மயக்கத்திலிருந்து மீளாமல் போகும் குதிரைகள் நூற்றில் ஏறக்குறைய ஒன்று என்பதையும் சொன்னேன். செலவு குதிரையின் விலையில் பாதியைத் தாண்டும் என்பதையும் சொன்னேன். பெரியவர் உள்ளே போய் வீட்டம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். "பண்ணிப்போடலாமுங்க."

கருவிகளும் மேசையும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். கத்தியைப் பிடித்தது இந்த வேலையில் என்னைவிடக் கைதேர்ந்த ஒருவர். நான் பக்கத்தில் நின்றேன். இடப்பக்கக் கால்வாய் வழியாக இடுக்கியை விட்டு, வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த சவ்வைப் பிடித்து மெல்ல இழுத்தார். முதலில் குழலின் வால் வந்தது. அங்கே நிறுத்தவில்லை. பின்னாலேயே, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், தொளதொளத்த விதை வெளியே வந்தது. தட்டில் வைத்துப் பிளந்து இருவரும் பார்த்தோம்.

மயக்கம் தெளிந்து அது எழுந்து நிற்கும்வரை பையன் தலைக்கயிற்றை விடவில்லை. அது கடித்த தோளிலேயே அதன் தாடை சாய்ந்திருந்தது.

ரத்தத்தில் ஹார்மோன் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆறு வருடப் பழக்கம் அத்தனை சீக்கிரம் வடியாது. ஒன்றரை மாதம் பெட்டை இருக்கும் பக்கமே விட வேண்டாம், அடிப்பதை அன்றோடு நிறுத்துங்கள் என்று சொல்லி வந்தேன். தைப்பொங்கல் கழித்துப் போனபோது லத்தி தோப்பு முழுக்கச் சிதறிக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெட்டை நின்றது. செவலை தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக் காற்றை ஒரு முறை இழுத்தது.

"இன்னும் அந்தப் புத்தி இருக்குதுங்களே டாக்டர்" என்றார் பெரியவர்.

"கொஞ்சம் இருக்குமுங்க."

பையன் கொள்ளு வாளியைத் தட்டினான். செவலை உதட்டை இறக்கி, திரும்பி, அவனை நோக்கி நடந்தது.